ஆங்கில ஒட்டுவினாவும் தமிழ் 'அன்றோ'வும்

வினாவும் அதற்கு இறுக்கும் விடையும் பிழைபடாது அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒரு நெறியாகவே வகுத்துள்ளார். விடையைச் 'செப்பு' என்பது அவர் வழக்கு. திணை மயக்கத்தையும் பால் மயக்கத்தையும் விலக்கிய அதே இயலில் வினாவழுவையும் செப்புவழுவையும் அவர் சேர்த்து எண்ணியமை கருதத்தக்கது. ஒரு மொழிக்குள்ளேயே இத்துணைக் காவல் வேண்டப்படுமாயின், தாய்மொழியின் வினாப் பழக்கத்தோடு பிறிதொரு மொழிக்குள் புகுவார்க்கு எத்துணைக் காவல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணாக்கர் பெரிதும் இடறும் இடங்களுள் ஒன்று, ஒரு கூற்றைச் சொல்லி முடித்து அதன் இறுதியில் ஒரு சிறு வினாவை ஒட்டும் இடமாகும். ஆங்கில இலக்கணத்தார் அதனைக் 'கொஸ்சன் டேக்' என்பர்; இக்கட்டுரையில் அஃது ஒட்டுவினா எனப்படும். 'ஷி இஸ் எ டாக்டர், இஸ்ன்ட் ஷி?' என்பது ஆங்கில மரபு. 'அவர் மருத்துவர் அல்லவா?' என்பது இதன் பொருள். நம் மாணாக்கரோ 'ஷி இஸ் எ டாக்டர், இஸ்ன்ட் இட்?' என்பர். ஆசிரியர் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு இடுவார். அடுத்த தேர்விலும் மாணாக்கர் அவ்வாறே எழுதுவர். பலமுறை திருத்தியும் திருந்தாத பிழை கவனக்குறைவால் நேர்வதன்று. அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணம் தமிழினுடையது. அஃது யாது என்பதையும், அதனை அறிந்தால் கற்பித்தல் எவ்வாறு எளிதாகும் என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத் தொடர்கள் யாவும் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

1. ஆங்கில ஒட்டுவினாவின் அமைப்பு

ஆங்கில ஒட்டுவினா தோற்றத்தில் இரு சொற்களே உடையது. ஆயினும் அவ்விரு சொற்களை அமைப்பதற்குப் பேசுவோன் நான்கு செயல்களை ஒருங்கே செய்தல் வேண்டும். முதலாவது, கூற்றிலுள்ள துணைவினையைத் தேர்ந்து மீண்டும் கூறுதல். இரண்டாவது, கூற்றின் காலத்தை அத்துணைவினையில் காத்தல். மூன்றாவது, கூற்று உடன்பாடாயின் ஒட்டினை எதிர்மறையாகவும், கூற்று எதிர்மறையாயின் ஒட்டினை உடன்பாடாகவும் மாற்றுதல். நான்காவது, எழுவாய்க்கு ஏற்ற மூவிடப்பெயரை இறுதியில் வைத்தல்.

'ஷி கேன் சிங், கான்ட் ஷி?' என்பதில் 'கேன்' என்னும் துணைவினை எதிர்மறையாகி ஒட்டில் வந்தது. 'தே ஹேவ் நாட் கம், ஹேவ் தே?' என்பதில் கூற்று எதிர்மறையாதலின் ஒட்டு உடன்பாடாயிற்று. எழுவாய் இயற்பெயராக இருப்பினும் ஒட்டில் அப்பெயர் வாராது. 'முருகன் இஸ் ஹியர், இஸ்ன்ட் ஹி?' என்றே கூறுதல் வேண்டும், 'இஸ்ன்ட் முருகன்?' என்பது வழு.

கூற்றில் துணைவினை இல்லாதவிடத்து 'டூ' என்னும் வினை துணைக்கு வரும். 'யூ லைவ் இன் மதுரை, டோன்ட் யூ?', 'ஹி லைவ்ஸ் இன் மதுரை, டஸ்ன்ட் ஹி?', 'ஹி கேம் யெஸ்டர்டே, டிடின்ட் ஹி?' என்பன முறையே நிகழ்காலத்து முன்னிலைக்கும், நிகழ்காலத்துப் படர்க்கை ஒருமைக்கும், இறந்தகாலத்துக்கும் எடுத்துக்காட்டுகள். கூற்றில் மறைந்து நின்ற துணைவினையே ஒட்டில் வெளிப்படுகின்றது எனக் கொண்டால் இதனை நினைவிற் கொள்ளுதல் எளிது.

குறுக்கங்கள் வருமிடத்து மாணாக்கர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 'ஹீஸ் டால்' என்பதில் உள்ள குறுக்கம் 'இஸ்' என்பதன் குறுக்கம். ஆகவே 'இஸ்ன்ட் ஹி?' என ஒட்டு வரும். 'ஹீஸ் ஃபினிஷ்ட் இட்' என்பதில் உள்ளது 'ஹேஸ்' என்பதன் குறுக்கம். ஆகவே 'ஹேஸ்ன்ட் ஹி?' என வரும். செவிக்கு ஒன்றாய் ஒலிப்பினும் பின்வரும் சொல்லே இன்ன துணைவினை என்று காட்டுகின்றது.

2. விதிக்குப் புறம்பானவை போல்வன

சில ஒட்டுகள் மேற்கூறிய விதியை மீறுவன போலத் தோன்றும். ஆராயுங்கால் அவற்றுட் பல, கூற்றின் வடிவைவிட்டு அதன் பொருளைப் பின்பற்றுகின்றன என்பது புலனாகும்.

'நெவர்', 'செல்டம்', 'ஹார்ட்லி' என்னும் சொற்கள் வருமிடத்துக் கூற்றில் 'நாட்' என்பது இல்லை. ஆயினும் பொருள் எதிர்மறையாதலின் ஒட்டு உடன்பாடாகவே வரும். 'ஹி நெவர் ஸ்மோக்ஸ், டஸ் ஹி?' என்பது காண்க. 'எவ்ரிபடி' என்பது வடிவால் ஒருமை. ஒட்டிலோ பலரைக் குறிக்கும் 'தே' வரும். 'நத்திங்', 'எவ்ரிதிங்' என்பவற்றுக்கு 'இட்' வரும். 'தேர் இஸ் எ பஸ் அட் சிக்ஸ், இஸ்ன்ட் தேர்?' என்பதில் இடத்தைச் சுட்டாது வெறிதே நிற்கும் 'தேர்' என்னும் சொல்லே எழுவாயின் இடத்தைப் பெறுகின்றது.

ஏவல் தொடர்க்கு எழுவாய் வெளிப்படையாக இல்லை. 'ஓப்பன் தி டோர், வில் யூ?' என்பதில் மறைந்து நின்ற முன்னிலை ஒட்டில் தோன்றுகின்றது. தன்னையும் உளப்படுத்தி அழைக்கும் 'லெட்ஸ் கோ' என்பதற்கு 'ஷல் வீ?' என்பது ஒட்டு. 'ஐ ஆம் லேட்' என்பதற்கு மட்டும் 'ஆரன்ட் ஐ?' என்னும் ஒட்டு வழங்குகின்றது. 'ஆம்' என்னும் துணைவினைக்கும் 'நாட்' என்பதற்கும் பொதுவழக்கில் ஏற்புடைய குறுக்கம் இல்லாமையால் 'ஆரன்ட்' அவ்விடத்தை நிரப்பியது. இதனை விதியால் வருவிக்க இயலாது; வழக்கினாற் கொள்ளுதல் வேண்டும்.

இவற்றுள் இலக்கண நுட்பம் மிக்கது ஒன்றுண்டு. 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம், வில் ஹி?' என்னும் தொடரை நோக்குக. 'அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை' என்பது அதன் சொற்பொருள். தலைமை எழுவாய் 'ஐ'. தலைமை வினை 'திங்க்'. ஒட்டோ அவற்றை விட்டுவிட்டு உள்ளே நிற்கும் 'ஹி வில் கம்' என்பதைப் பற்றுகின்றது. மேலும் 'திங்க்' என்பதன்மேல் ஏறிய எதிர்மறை, உள்ளே நின்ற கூற்றுக்கு உரியதாகவே கொள்ளப்பட்டு ஒட்டு உடன்பாடாகின்றது. பேசுவோன் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புவது தன் நினைப்பையன்று, அவனது வருகையையே. எதனை உறுதிப்படுத்துகின்றோமோ அதன் எழுவாயையும் துணைவினையையுமே ஆங்கில ஒட்டு தேடிச் செல்லும் என்பது இதனால் தெளிவாம். இக்கருத்தினை நினைவிற் கொள்க. தமிழோடு ஒப்பிடுங்கால் இது பயன்படும்.

3. ஏறிசையும் இறங்கிசையும்

எழுத்தில் ஒன்றாய்த் தோன்றும் ஒட்டு, ஒலிக்கும் இசையால் இரண்டாகப் பிரியும். இறுதியில் குரல் ஏறுமாயின் பேசுவோனுக்கு ஐயம் உண்டு. அவன் விடையை வேண்டி நிற்கின்றான். குரல் இறங்குமாயின் அவன் செய்தியை அறிவான். கேட்போனின் உடன்பாட்டை மட்டுமே நாடுகின்றான். 'இட்ஸ் ஹாட் டுடே, இஸ்ன்ட் இட்?' என்று இறங்கிசையிற் கூறுவோன் வெம்மையை அறியாதவன் அல்லன். உரையாடலுக்கு மற்றவனை அழைக்கின்றான்.

நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். வினாவின் வடிவைக் கொள்ளாது வினவுவோனின் கருத்தையே அளவுகோலாகக் கொண்ட பகுப்பு அது. அவ்வளவுகோலால் ஆங்கில ஒட்டுவினாவை அளப்பின், ஏறிசை ஒட்டு அறியாவினாவுக்கும் ஐயவினாவுக்கும் இடைப்பட்டு நிற்கும். ஏவலை ஒட்டி வரும் 'வில் யூ?' ஏவல்வினாவைச் சாரும். இறங்கிசை ஒட்டு அறிவினாவை அணுகும். ஆனால் முற்றும் அதுவாகாது. அறிவினாவில் ஆசிரியன் தான் அறிந்ததை மாணாக்கன் அறிவானோ என்று சோதிக்கின்றான். இறங்கிசை ஒட்டிலோ இருவரும் அறிந்ததொன்று இருவர்க்கும் பொதுவாக்கப்படுகின்றது. அதனை இசைவு வேண்டும் வினா எனல் தகும்.

ஒட்டுவினா பேசுவோனின் தயக்கத்தைக் காட்டுவது என்றும், மகளிர் பேச்சில் அது மிகுதி என்றும் 1975இல் ராபின் லேக்காஃப் எழுதினார். 1984இல் ஜேனட் ஹோம்ஸ், ஒட்டுகளை அவை ஆற்றும் பணியால் பிரித்து நோக்கி, அவற்றுட் பல தயக்கத்தைக் காட்டாது பிறரை உரையாடலுக்குள் கொணர்வன என நிறுவினார். வடிவை மட்டும் எண்ணாது கருத்தை நோக்குதல் வேண்டும் என்னும் நம் இலக்கண மரபுக்கு இஃது இயைந்ததே.

ஒட்டு எப்பொழுதும் மாறுபட்டே வரும் என்பதும் இல்லை. 'ஸோ யூ ஆர் தி நியூ டீச்சர், ஆர் யூ?' என்பதில் கூற்றும் ஒட்டும் இரண்டும் உடன்பாடு. பேசுவோன் அப்பொழுதுதான் கண்டோ கேட்டோ ஊகித்ததைச் சொல்லுகின்றான் என்பது இதன் குறிப்பு. குரல் மாறின் இதுவே ஏளனமும் ஆகும். தொடக்க நிலை மாணாக்கர் இதனைக் கேட்டு உணர்ந்தாற் போதும், தாமே வழங்கவேண்டுவதில்லை.

4. தமிழில் ஒட்டுவினா

இனித் தமிழ் வழக்கை நோக்குவோம். சொல்லின் இறுதியில் நின்று வினாப் பொருள் தருவன ஆ, ஏ, ஓ என்பன. இவற்றுள் ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் இடையியலில் ஐந்து பொருள் கூறினார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. தேற்றம் என்பது தெளிவு. வினா என்பது தெளிவை வேண்டுவது. ஒன்றற்கொன்று மாறாகத் தோன்றும் இவ்விரண்டும் ஓர் இடைச்சொல்லின் பொருள்களாக அமைந்தமை வியப்பன்று. 'நீதானே சொன்னாய்' என்புழித் தேற்றமாய் நிற்கும் ஏகாரம், 'நீ சொன்னாய்தானே?' என்புழி விடையையும் வேண்டுகின்றது. தெளிந்ததைக் கூறிக்கொண்டே கேட்டலாகிய ஒட்டுவினாவின் இயல்பு இதனுள் முழுமையாக அடங்கியுள்ளது.

ஆயினும் ஒப்பீட்டுக்கு ஏற்றது 'அன்றோ' என்னும் ஒட்டே. இது அன்று, ஓ எனப் பிரியும். 'அன்று' என்பது 'அல்' என்னும் எதிர்மறைக் குறிப்புவினையின் அஃறிணை ஒருமை வடிவம். 'அல்' என்பது திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் இயல்புடையது. அல்லேன், அல்லை, அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என வரும். ஆகவே எழுவாய்க்கு ஏற்ப மாறும் ஆற்றல் தமிழ் எதிர்மறைக்கு இல்லாமற் போகவில்லை.

பின்வரும் இரு தொடர்களையும் ஒப்பிடுக. 'அவன் மாணவன் அல்லனோ?' என்பது ஒன்று. 'அவன் மாணவன் அன்றோ?' என்பது மற்றொன்று. முன்னதில் 'அல்லன்' என்பது 'அவன்' என்னும் எழுவாயின் பயனிலை; ஆகவே ஆண்பால் ஒருமை விகுதி பெற்றது. அஃது எதிர்மறை வினாவேயன்றி ஒட்டுவினா அன்று. பின்னதில் 'அன்று' அஃறிணை ஒருமை. அதற்கு எழுவாய் 'அவன்' ஆதல் இயலாது. ஆயின் திணைவழு நேரும். 'அவன் மாணவன்' என்னும் கூற்று முழுவதுமே அதற்கு எழுவாய். 'அவன் மாணவன் என்பது உண்மை அன்றோ?' என விரித்துப் பொருள் கொள்ளுதல் வேண்டும். 'அவள் வந்தாள் அன்றோ?', 'நாம் கேட்டோம் அன்றோ?', 'நீவிர் அறிவீர் அன்றோ?' என எழுவாய் எதுவாயினும் 'அன்றோ' மாறாது நிற்பதன் காரணம் இதுவே. கூற்று எப்பொழுதும் ஒரு பொருள், எனவே அஃறிணை, எனவே ஒருமை.

இக்கால வழக்கில் மிகுதியாக வரும் 'அல்லவா' என்பதும் இவ்வழியில் தோன்றியதே. 'அல்ல' என்பது தொன்மையில் அஃறிணைப் பன்மைக்கே உரியது. இன்றைய வழக்கில் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. 'இல்லையா' என்பதும் அவ்வாறே மாறாது நிற்கின்றது. மேலும் கூற்று எதிர்மறையாயினும் தமிழ் ஒட்டு மாறுவதில்லை. 'அவள் வந்தாள் அல்லவா?' என்பதும் 'அவள் வரவில்லை அல்லவா?' என்பதும் ஒரே ஒட்டினைப் பெறுகின்றன. ஒட்டு, கூற்றின் உள்ளே புகாது வெளியே நின்று கூற்றினைத் தாங்குவதால் உள்ளிருக்கும் உடன்பாடும் மறையும் அதனைத் தாக்குவதில்லை.

எனவே இரு மொழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியிற் கூறலாம். ஆங்கில ஒட்டு எழுவாயையும் வினையையும் மீட்டும் வினவுகின்றது. தமிழ் ஒட்டு கூற்றினை வினவுகின்றது.

5. 'இஸ்ன்ட் இட்' என்னும் வழக்கு

மேற்கண்ட உண்மையைக் கொண்டு நோக்கின் மாணாக்கரின் பிழைக்கு விளக்கம் தானே கிடைக்கின்றது. 'இஸ்ன்ட் இட்' என்பதில் 'இட்' என்பது அஃறிணை ஒருமைப் பெயர். 'இஸ்ன்ட்' என்பது எதிர்மறை. வினா அமைப்பு ஓகாரத்தின் பணியைச் செய்கின்றது. 'அன்றோ' என்பதை உறுப்பு உறுப்பாக ஆங்கிலத்தில் பெயர்த்தால் கிடைப்பது இதுவே. மாணாக்கர் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு தமிழ் இலக்கணத்தைப் பிழையின்றிப் பேசியுள்ளனர். பிழை இலக்கணத்தை இடம் மாற்றியதில் உள்ளதேயன்றி, இலக்கணம் இல்லாமையில் இல்லை.

இவ்வழியிற் செல்வது தமிழ் மட்டும் அன்று. பிரெஞ்சு மொழியில் 'நெஸ்-பா' என்னும் ஒட்டு எல்லாக் கூற்றுக்கும் பொது. 'அஃது அன்றோ' என்பதே அதன் சொற்பொருள். ஜெர்மன் மொழியின் 'நிஹ்ட் வார்' என்பது 'உண்மை அன்றோ' எனப் பொருள்படும். ஸ்பானிய மொழியில் 'வெர்தாத்' என்னும் சொல் 'உண்மைதானே' என்னும் கருத்தில் வரும். இந்தியில் 'ந' என்னும் சிறு சொல் இப்பணியைச் செய்கின்றது. மாறா ஒட்டே பல மொழிகளின் இயல்பு. ஆங்கிலத்தின் மாறும் ஒட்டே அருகிய வகை.

ஆங்கிலத்திலும் அது தொடக்கம் முதல் இவ்வாறு பெருகியிருந்ததன்று. 16ஆம் நூற்றாண்டு நாடகங்களின் உரையாடல்களில் ஒட்டுவினாக்கள் காணப்படுகின்றன. பிற்காலத்திலேயே அவை பெருகின. இன்றும் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் யாவும் ஒரே அளவில் அதனை வழங்குவதில்லை. பிரிட்டானியர் உரையாடலில் ஒட்டுவினா அமெரிக்கர் உரையாடலினும் ஏறத்தாழ 9 மடங்கு மிகுதியாக வருவதாகக் குன்னெல் டாட்டி, செபாஸ்டியன் ஹாஃப்மன் என்னும் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அமெரிக்கர் பலவிடத்து 'ரைட்' என்னும் ஒரு சொல்லால் அமைகின்றனர். இலண்டன் இளைஞர் பேச்சிலோ 'இஸ்ன்ட் இட்' என்பது 'இன்னிட்' எனத் திரிந்து, எழுவாய் எதுவாயினும் மாறாது நிற்கின்றது. தமிழ் மாணாக்கன் எழுதியபோது பிழையெனப்பட்ட அமைப்பு, ஆங்கிலத்தின் தலைநகரிலேயே தானாக முளைத்துள்ளது.

இவ்வாறு கூறுவதனால் தேர்வுத்தாளிலும் முறையான எழுத்திலும் 'இஸ்ன்ட் இட்' என்பதை எங்கும் வழங்கலாம் என்பது கருத்தன்று. தரவழக்கு இன்றும் மாறும் ஒட்டினையே வேண்டுகின்றது. மாணாக்கர் அதனைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் அறியாமை என்று இகழ்ந்து திருத்துவதற்கும், இரு மொழிகளின் நெறி வேறுபாட்டைக் காட்டித் திருத்துவதற்கும் பயனில் பெருத்த வேற்றுமை உண்டு.

6. விடையில் நேரும் இடர்

ஒட்டினைப் பிழைபடக் கூறினால் இழப்பு சிறிது. கேட்போர் பொருளை உணர்ந்துகொள்வர். ஒட்டுவினாவுக்கு விடையைப் பிழைபடக் கூறினாலோ பொருளே தலைகீழாகும். வினாவினும் செப்பே இங்குப் பெரிதும் காக்கத்தக்கது.

'நீ உண்ணவில்லை அல்லவா?' என்று தமிழில் வினவினால், உண்ணாதவன் 'ஆம்' எனலாம். 'நீ கூறியது சரி' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் 'யூ ஹேவ் நாட் ஈட்டன், ஹேவ் யூ?' என்று வினவினால் உண்ணாதவன் 'நோ' என்றே கூறவேண்டும். 'யெஸ்' என்பானாயின் உண்டான் என்றே கொள்ளப்படும். தமிழ் 'ஆம்' கூற்றுக்கு விடை. ஆங்கில 'யெஸ்' நிகழ்ச்சிக்கு விடை. கூற்றினை வினவும் மொழி கூற்றுக்கு விடை பெறுதலும், எழுவாயையும் வினையையும் வினவும் மொழி நிகழ்ச்சிக்கு விடை பெறுதலும் இயல்பே. ஒட்டிற் கண்ட வேறுபாடும் விடையிற் காணும் வேறுபாடும் ஒரே வேரினின்று கிளைத்தவை.

தமிழில் அவ்விடத்து 'இல்லை' என்று விடை கூறுவாரும் உளர். அஃது 'உண்ணவில்லை' என்பதன் இறுதியை எடுத்து மொழிதல். எனவே தமிழில் 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டும் அவ்விடத்து ஒரே பொருள் தரக்கூடும். கேட்போர் இசையாலும் இடத்தாலும் உணர்வர். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்பதற்கு அவ்வுரிமை இல்லை.

ஆங்கிலமும் ஒருகாலத்தில் இவ்விடரை உணர்ந்திருந்தது. அக்காலத்து அதற்கு நான்கு விடைச்சொற்கள் இருந்தன. உடன்பாட்டு வினாவுக்கு 'யே', 'நே' என்பன; எதிர்மறை வினாவுக்கு 'யெஸ்', 'நோ' என்பன. வில்லியம் டிண்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் 'நே' வரவேண்டிய இடத்தில் 'நோ' என்று எழுதினார் என்று தாமஸ் மோர் 16ஆம் நூற்றாண்டில் கண்டித்தார். அப்பொழுதே அவ்வேறுபாடு தேய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அக்கண்டனமே சான்று. பின்னர் இரண்டு வழக்கொழிய இரண்டே எஞ்சின. ஜெர்மன் மொழியில் 'டோஹ்' என்பதும், பிரெஞ்சில் 'சி' என்பதும் எதிர்மறைக் கூற்றினை மறுத்து உடன்படுவதற்கென்றே இன்றும் தனியே வழங்குகின்றன.

இவ்விடர் வகுப்பறையோடு நிற்பதன்று. மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் 'யூ ஆர் நாட் அலர்ஜிக் டு பெனிசிலின், ஆர் யூ?' என்று கேட்கின்றார் என்க. பெனிசிலின் தமக்கு ஒவ்வாது என்று அறிந்த நோயாளி, 'நீர் கூறியது தவறு' என்னும் கருத்தில் 'நோ' என்று விடை கூறின், ஒவ்வாமை இல்லை என்றே மருத்துவர் கொள்வார். அதன்பின் நேரக்கூடியது மொழிப்பிழை என்னும் அளவில் நில்லாது. உயிர்க்கே இடராதலும் கூடும்.

வழக்கு மன்றத்திலும் இவ்வாறே. வினவுவோன் எதிர்பார்க்கும் விடையைத் தன்னுள்ளே உணர்த்தி நிற்கும் வினாவை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 141ஆம் பிரிவில் வரையறுத்தது. தன் தரப்புச் சாட்சியை விசாரிக்கும் முதல் விசாரணையில் அதற்குத் தடை கூறலாம் என்பதும், குறுக்கு விசாரணையில் அதனைக் கேட்கலாம் என்பதும் அச்சட்டத்தின் நெறி. அச்சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் வந்துள்ளது. இவ்வினா பற்றிய நெறி அதிலும் தொடர்கின்றது. அத்தகைய வினாவுக்கு ஒட்டுவினா சிறந்ததோர் எடுத்துக்காட்டு. 'யூ டிட் நாட் ஸீ ஹிம், டிட் யூ?' என்னும் வினா தமிழில் 'நீர் அவரைப் பார்க்கவில்லை அல்லவா?' எனப் பெயர்க்கப்பட, சாட்சி 'ஆம்' என்று கூற, அது 'யெஸ்' என்று பதிவாகுமாயின், பார்க்காதவர் பார்த்தவராவார். மொழிபெயர்ப்பாளர் 'ஆம், பார்க்கவில்லை' என முழுத்தொடராக விடையைப் பெற்றுப் பின்னரே பெயர்த்தல் வேண்டும்.

7. கற்பித்தற்குரிய நெறி

மேற்கூறியவற்றால் கற்பிக்கும் முறை பற்றிச் சில முடிவுகள் பெறப்படும்.

முதற்கண், ஒட்டினை விதியாகத் தொடங்காது விடையினின்று தொடங்குதல் நன்று. 'யெஸ், ஐ ஹேவ்', 'நோ, ஐ ஹேவ்ன்ட்' என்னும் குறுவிடைகளில் துணைவினையையும் மூவிடப்பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வந்த மாணாக்கர்க்கு, அவ்விரண்டையும் முன்பின்னாக மாற்றினால் ஒட்டு தானே அமையும். இப்பழக்கம் விடையிற் பிழை நேராமலும் காக்கும். 'யெஸ்' என்றோ 'நோ' என்றோ தனியே நிறுத்துவதைத் தொடக்கத்திலேயே விலக்குதல் வேண்டும்.

இரண்டாவதாக, தமிழ்த் தொடர்களைக் காட்டி, 'அன்றோ' என்பது எதனை வினவுகின்றது என்று மாணாக்கரையே ஆராயச் செய்தல் வேண்டும். தம் மொழியின் ஒட்டு கூற்றினைப் பற்றுகின்றது என்று தாமே கண்டபின், ஆங்கில ஒட்டு பற்றுவது வேறொன்று என்பதை அவர் மறவார். மூன்றாவதாக, ஏறிசையைக் கற்பிக்க 'இல்லையா?' என்பதனையும், இறங்கிசையைக் கற்பிக்கத் 'தானே' என்பதனையும் துணையாகக் கொள்ளலாம். 'ஆரன்ட் ஐ', 'ஷல் வீ' முதலியன இறுதியிற் கற்பிக்கத்தக்கன. அவற்றை முன்வைப்பின் விதியே இல்லை என்னும் மயக்கம் மாணாக்கர்க்கு உண்டாகும்.

தமிழ்த்துறையார்க்கும் இதனால் ஒரு கடமை உண்டு. ஆங்கிலப் புனைகதைகளைத் தமிழாக்குவோர் சிலர், ஒட்டினைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'அவன் வந்தான், வரவில்லையா அவன்?' என எழுதுகின்றனர். தமிழ்ச் செவி அதனை ஏலாது. ஐயமாயின் 'இல்லையா', இசைவு வேண்டலாயின் 'அல்லவா', தெளிவு மிகின் 'தானே' எனக் கருத்தறிந்து பெயர்த்தலே முறை. தமிழ் இலக்கணம் முதுகலையிற் பயில்வோர் பலர் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் இருமொழி ஆசிரியராகவும் பணியாற்றப் புகுகின்றனர். இடையியலும் குறிப்புவினையும் அவர்க்குப் பழமை போற்றும் பாடங்கள் மட்டும் அல்ல. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வழக்கு மன்றத்திலும் ஒருவர் சொல்லிய விடை மாறாமல் மற்றவர் செவியிற் சேர்வதற்கு அவை கருவிகளாகும். வினாவையும் செப்பையும் வழுவாமற் காத்தல் என்பது இருமொழி வழங்கும் இந்நாளில் முன்னினும் மிகுதியாக வேண்டப்படுவதொன்று.